உணவகத்துக்குக் காப்பீடு: பிரீமியத்தைக் கடைசியில் கேளுங்கள்

ஃபிரீசரில் இருந்த இறைச்சி முழுவதும் கெட்டுப்போனது என்று வைத்துக்கொள்வோம். தீவிபத்தால் கெட்டிருந்தால் தீக் காப்பீட்டில் கேட்கலாம். கம்ப்ரஸர் தானாகப் பழுதாகிக் கெட்டிருந்தால் அந்தப் பாலிசி பொதுவாக எதுவும் தராது; இயந்திரப் பழுதுக்கான காப்பீடும், அதோடு சரக்கு கெடுவதற்கான கூடுதல் பிரிவும் வேண்டும். வெளியே மின்சாரம் நின்றதுதான் காரணம் என்றால் அதையும் அந்தப் பிரிவு ஏற்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். நஷ்டம் ஒன்றே, காரணம் மூன்று. பாலிசியைப் படிக்கும்போது 'என்னென்ன பொருளுக்கு' என்பதைவிட 'எந்தக் காரணத்துக்கு' என்று தேடிப் படியுங்கள். வெள்ளம், சாக்கடை நீர் மேலேறி உள்ளே வருவது, நிலநடுக்கம் எல்லாம் பல பாலிசிகளில் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

அடுத்தது காப்பீட்டுத் தொகை. பிரீமியத்தை மிச்சப்படுத்த இதைக் குறைத்து எழுதுவதுதான் நிறையப் பேர் செய்வது. பொருள்களின் மதிப்பு 100 பங்கு, காப்பீடு 60 பங்குக்கு, தீயில் போனது 20 பங்கு என்றால், 20 முழுவதும் கிடைக்கும் என்றுதான் தோன்றும். மதிப்பில் எத்தனை பங்குக்குக் காப்பீடு எடுத்தீர்களோ நஷ்டத்திலும் அத்தனை பங்குதான் என்னும் விகித விதி உள்ள பாலிசியில் கிடைப்பது 12 தான். அதிலும் டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, கழியும். மதிப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதும் முக்கியம். தேய்மானம் கழித்த மதிப்பு என்றால், எட்டு வருடம் ஓடிய அடுப்புக்கு வரும் தொகையில் புது அடுப்பு வாங்க முடியாது. புதிதாக வாங்கும் விலைக்கே எடுங்கள்.

வாடகைக் கட்டடமா? உரிமையாளரின் காப்பீடு பெரும்பாலும் சுவரோடும் கூரையோடும் நின்றுவிடும். நீங்கள் போட்ட தரை, கவுன்டர், எக்ஸாஸ்ட் ஹூட் (அடுப்புக்கு மேல் புகையை இழுக்கும் கூண்டு), டக்ட் (அந்தப் புகை வெளியேறும் குழாய்), குளிரூட்டி எல்லாவற்றையும் உங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும். யார் எதற்குப் பொறுப்பு என்று வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

என்னைக் கேட்டால், உணவகத்தைக் காப்பாற்றுவது தொழில் நிறுத்த இழப்பீடுதான். அதைத்தான் 'வேண்டாம்' என்று முதலில் வெட்டுகிறார்கள். கடை மூடியிருக்கும்போதும் வாடகை, முக்கியமான ஆட்களின் சம்பளம், கடன் வட்டி எதுவும் நிற்காது. இந்தக் காப்பீட்டின் தொகையை 'மொத்த லாபத்தை' வைத்து எழுதுவார்கள். இங்கே அது, விற்பனையோடு சேர்ந்து குறையும் மளிகை, காய்கறி போன்ற செலவுகளை மட்டும் கழித்தது. கணக்காளர் தரும் மொத்த லாபத்தில் சமையல்காரர்களின் சம்பளமும் கழிந்திருக்கலாம். அந்த எண்ணை அப்படியே எழுதினால் இங்கேயும் விகித விதி வந்து கடிக்கும். இழப்பீடு கிடைக்கும் காலத்தை 3 மாதம், 6 மாதம் என்று குறைக்காதீர்கள். நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயரின் ஆய்வு, இடிபாடு அகற்றல், அனுமதிகள், கருவிகள் வந்து சேர்வது, வேறு கடைக்குப் பழகிவிட்ட வாடிக்கையாளர் திரும்புவது எல்லாம் சேர்த்தால் 12 மாதமே சுருக்கம்தான். இன்னொன்று: சொத்துக்குச் சேதம் ஏற்பட்டால்தான் இது பொதுவாக இயங்கும். சுகாதாரத் துறை மூடச் சொன்னால் வரும் இழப்புக்குத் தனிப் பிரிவு வேண்டும்.

கிளைம் நிராகரிக்கப்படக்கூடிய முக்கியமான இடம் சமையலறை நிபந்தனைகள். டக்டில் படியும் எண்ணெய்ப் பிசுக்கு தீயை மேல்மாடி வரை இழுத்துப் போகும் என்பதால், அதைச் சுத்தம் செய்த சான்றைக் கேட்பார்கள். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 96 தரவிதி நல்ல அளவுகோல்: விறகு, கரி அடுப்புக்கு மாதம் ஒருமுறை, அதிகமாகச் சமைக்கும் இடத்துக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை, நடுத்தர அளவுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்து, பிசுக்கு இருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். ஹூட்டில் ஈர ரசாயன அணைப்பான், எண்ணெய்த் தீக்கான கே அல்லது எஃப் வகைக் கைத் தீயணைப்பான், இரண்டுக்கும் பராமரிப்பு ரசீது. ஹூட்டை மட்டும் துடைத்துவிட்டு டக்டின் உள்ளே தொடாமல் போகும் ஆட்கள் உண்டு. முன்னும் பின்னும் படம் எடுத்து வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் ஃப்ரையர், விறகு அடுப்பு, மது, இரவு நேர நடனம் எதையும் மறைக்காதீர்கள். பிறகு சேர்த்தாலும் எழுத்தில் தெரிவியுங்கள்.

ஈரத் தரையில் வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால் பொதுப் பொறுப்புக் காப்பீடு. உங்கள் சாப்பாட்டால் ஒவ்வாமையோ வயிற்றுக்கோளாறோ வந்தால் தயாரிப்புப் பொறுப்புக் காப்பீடு. இரண்டும் ஒரே பாலிசியில் இருக்கின்றனவா, ஒரு சம்பவத்துக்கான வரம்பு எவ்வளவு, வருடம் முழுவதற்கும் எவ்வளவு என்று பாருங்கள். ஊழியருக்குக் கை வெந்தால் இவை இரண்டுமே உதவாது; அதற்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு, பகுதி நேர ஆட்களையும் கணக்கில் சேர்த்து. சொந்த வண்டியில் பார்சல் கொண்டுபோகும் பையனின் தனிநபர் வாகனக் காப்பீடு தொழில் பயன்பாட்டை விலக்கியிருக்கலாம், விபத்து வழக்கு உங்கள் பெயருக்கும் வரலாம்.

இவ்வளவும் தீர்ந்தபின் பிரீமியத்துக்கு வாருங்கள். குறைக்க வேண்டுமென்றால் டிடக்டிபிளைக் கூட்டுங்கள், ஒரு மாத லாபத்தில் தாங்கக்கூடிய அளவுக்கு. கருவிகளின் படம், ரசீது, வரிசை எண் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி கடைக்கு வெளியே இருக்கட்டும்.