கோடு எங்கே இருந்தது?

சமூக அறிவியலில் நகரங்கள் என்று ஒரு பகுதி வரும். கிராமம், சிற்றூர், நகரம், மாநகரம் என்று படிப்படியாக ஏறும் ஒரு படம். பக்கத்தில் மேல்நோக்கி மட்டுமே போகும் ஒரு மக்கள்தொகைக் கோடு. பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் எனக்கு அந்தப் படத்தின் மேல் நெடுநாள் கோபம். ஊர்கள் ஏறும், இறங்கும், பக்கத்து ஊரை விழுங்கும். சில ஊர்கள் எல்லைக் கோட்டை மட்டும் தள்ளி வைத்துவிட்டு, பெருத்துவிட்டோம் என்று கணக்குக் காட்டும். இதற்கெல்லாம் அந்தப் படத்தில் இடமே இல்லை.

ஆகவே படத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு பட்டியல்களை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் பத்துப் பெரிய நகரங்கள்: ஒன்று 1790-ல், மற்றொன்று 2020-ல். ஏன் அமெரிக்கா? 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விடாமல் தலை எண்ணி வைத்திருக்கும் நாடு அது. எந்த ஊர் எப்போது எத்தனையாவது இடம் என்பதெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. சொந்த நாட்டு ஊர்களை எடுத்தால் ‘எங்கள் ஊர்தான் பெரிது’ என்று சண்டை மூண்டு, பாடம் அதோடு போய்விடும்.

1790 பட்டியலில் முதலிடம் நியூயார்க்: 33,131 பேர். “அவ்வளவுதானா!” என்று ஒரு சத்தம் வரும். அடுத்து பிலடெல்பியா 28,522, பாஸ்டன் 18,320, சார்ல்ஸ்டன் 16,359, பால்டிமோர் 13,503. ஏழாவது இடத்தில் சேலம். (மாசசூசெட்ஸ் சேலம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு சிரித்து ஓய்ந்துவிடும்.) வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொன்னால் எல்லாப் புள்ளியும் தண்ணீர் ஓரத்தில் விழும். சரக்கு கப்பலில் போன காலம் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை, அவர்களே சொல்லிவிடுவார்கள். சார்ல்ஸ்டன் மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அடிமைகள் என்பதை மட்டும் நான் சொல்லியாகவேண்டும். எண் அதைத் தானாகச் சொல்லாது.

இங்கேதான் முதல் பொறி. ஆறாவது இடத்தில் நார்தர்ன் லிபர்ட்டீஸ் என்று ஓர் ஊர், 9,913 பேர். பத்தாவது இடத்தில் மார்பிள்ஹெட்டோடு சமமாக சவுத்வார்க், 5,661 பேர். இந்த இரண்டும் எங்கே என்று தேடச் சொல்வேன். தேடினால் ஒன்று பிலடெல்பியாவின் வடக்கே ஒட்டிக்கொண்டிருக்கும், மற்றொன்று தெற்கே. தெருவில் நடந்து போகிறவருக்கு ஊர் மாறியதே தெரியாது. மூன்றையும் கூட்டினால் 44,096. அப்படியானால் முதலிடம் யாருக்கு? வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரியும். நான் தீர்ப்புச் சொல்வதில்லை. பிலடெல்பியாவின் அடுத்த இரண்டு எண்களைப் பலகையில் எழுதிவிடுவேன்: 1850-ல் 121,376, 1860-ல் 565,529. பத்தே ஆண்டில் நாலரை மடங்கு! தொழிற்சாலை, ரயில், குடியேற்றம் என்று கைகள் உயரும். அவையும் உண்மைதான். ஆனால் இந்தத் தாவலின் பெரும் பகுதிக்குக் காரணம், 1854-ல் ஒரு சட்டம் சுற்றியிருந்த ஊர்களையெல்லாம் பிலடெல்பியாவோடு சேர்த்தது. புரூக்லினும் இப்படித்தான். 1890-ல் 8 லட்சம் பேரோடு நாட்டின் நான்காவது பெரிய நகரம். 1900 பட்டியலில் ஆளையே காணோம். 1898-ல் நியூயார்க்கோடு இணைந்துவிட்டது.

இதன் பிறகு என் வகுப்பில் ஒரு விதி: எந்த ஊரின் எண் ஏறினாலும் இறங்கினாலும் முதல் கேள்வி, கோடு எங்கே இருந்தது? ‘வேலைவாய்ப்பு’ என்ற விடைக்கு அதற்குப் பிறகுதான் அனுமதி. அதற்கும் ஏன் அங்கே வேலை என்று சேர்த்துச் சொல்லவேண்டும்.

சிகாகோவுக்கு எல்லோரும் மயங்குவார்கள். 1840-ல் 4,470 பேர்; 1890-ல் ஏறக்குறைய 11 லட்சம். சதுப்பு நிலத்தில் சாக்கடை போட வழியில்லாமல், 1850, 60-களில் செங்கல் கட்டடங்களையே திருகு ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள், உள்ளே வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போதே. 1871-ல் நகரின் நடுப்பகுதி எரிந்து ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். அடுத்த கணக்கெடுப்பில் எண் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கச் சொன்னால் பாதியாகக் குறைப்பார்கள். உண்மையில் 298,977 என்பது 503,185 ஆனது. வீடுகள்தான் எரிந்தன; ஏரி, கால்வாய், நாலாபக்கமிருந்தும் வந்து சேரும் ரயில் பாதைகள், தெற்கே இருந்த கால்நடைச் சந்தை எல்லாம் அப்படியே இருந்தன. ஊர் எதன்மேல் நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

எண்கள் அலுத்துப்போகும் நேரம் பார்த்து சான்போர்ன் வரைபடங்களைத் திறப்பேன். தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனங்களுக்காக 1867 முதல் வரையப்பட்டவை. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். எத்தனை மாடி, கூரை எதனால் ஆனது, உள்ளே என்ன தொழில் என்பதுவரை குறித்திருக்கும். கட்டடம் மாறினால் நிறுவனம் திருத்தத் துண்டுகளை அனுப்பும். பழைய தாளின் மேலேயே வெட்டி ஒட்டிவிடுவார்கள். உற்றுப் பார்த்தால் ஒட்டின் விளிம்பு தெரியும். ஒரே தெருவின் இரண்டு பதிப்புகளைக் கொடுத்து, டிரேஸிங் தாளில் மாறியதை மட்டும் வரையச் சொல்வேன். மஞ்சள் குறைந்து இளஞ்சிவப்பு கூடுவதும், குதிரை லாயம் இருந்த இடத்தில் கார் கராஜ் வருவதும் அவர்கள் கண்ணுக்கே அகப்படும். எனக்கு அந்த நேரம் முழுவதும் பேச வேலையே இருக்காது.

டெட்ராய்ட்டை வைத்து இறக்கத்தைச் சொல்கிறேன். 1900-ல் 285,704, 1950-ல் 1,849,568, 2020-ல் 639,111. ஏற்றத்துக்குக் காரணம் எளிது. 1913-ல் ஃபோர்டு நகரும் பட்டறை வரிசையில் கார் செய்யத் தொடங்கினார், 1914-ல் நாளுக்கு ஐந்து டாலர் கூலி அறிவித்தார். இறக்கத்துக்கும் ‘கார் தொழில் படுத்துவிட்டது’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அங்கேதான் நம் விதி: கோடு எங்கே? நகரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தால் இன்றும் 40 லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். ஏராளமானோர் கோட்டைத் தாண்டிப் பக்கத்தில்தான் போயிருக்கிறார்கள்.

யார் தாண்டினார்கள், யாரைத் தாண்டவிடவில்லை என்பது அடுத்த கேள்வி. வீட்டுக்கடன் கொடுக்க எந்தப் பகுதி ஆபத்தானது என்று 1930-களில் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று வரைந்த வரைபடங்கள் இணையத்தில் இருக்கின்றன. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளெல்லாம் ஏறக்குறைய சிவப்பு, அதாவது ஆபத்து. வெள்ளையர் குடும்பங்கள் கடன் வாங்கிப் புறநகருக்குப் போனார்கள். கறுப்பின மக்களின் கடைத்தெருவாக இருந்த ஹேஸ்டிங்ஸ் தெரு இடிக்கப்பட்டு விரைவுச் சாலை ஆனது. சிறுவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு தந்தை கேட்டார். ஊரை இடித்தது வெயிலும் மழையும் என்று சொல்லிக் கொடுக்கவா முடியும்?

“பிலடெல்பியா மாதிரி டெட்ராய்ட்டும் கோட்டைத் தள்ளி வைத்திருக்கலாமே டீச்சர்?” என்று ஒரு பையன் கேட்டான். பெரியவர்களே கேட்காத கேள்வி. 1920-களின் நடுப்பகுதி வரை டெட்ராய்ட்டும் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. பிறகு புறநகர்கள் தனி நகராட்சிகளாகித் தங்கள் வரியைத் தாங்களே வைத்துக்கொண்டன. நேர்மாறு ஃபீனிக்ஸ்: 1950-ல் 17 சதுர மைல், 106,818 பேர், இன்று 500 சதுர மைலுக்கு மேல், 16 லட்சம் பேர், ஐந்தாவது இடம். பாலைவனத்தில் ஏசியும், கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாயில் வரும் தண்ணீரும், தள்ளிக்கொண்டே போன கோடும் சேர்ந்து செய்த வேலை.

கடைசியாக 2030 பட்டியலில் யார் விழுவார், யார் நுழைவார் என்று காரணத்தோடு எழுதச் சொல்கிறேன். 2020-ல் பதினோராவதாக நின்ற ஆஸ்டினைத்தான் பெரும்பாலோர் எழுதினார்கள். ஒரு பெண் பன்னிரண்டாவதான ஜாக்சன்வில்லை எழுதியிருந்தாள். 1968-லேயே தன் கவுண்டியோடு (நம் மாவட்டம் மாதிரி) இணைந்துவிட்ட ஊர் அது. அவள் எழுதிய காரணம்: “வீடு கட்ட இடம் எல்லாம் ஏற்கெனவே கோட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. யாரிடமும் கேட்க வேண்டாம்.”