பழைய காருக்கு ஹேண்ட்ஸ்ஃப்ரீ கிட்டா? மைக்கைப் பாருங்கள்

பழைய காருக்கு ப்ளூடூத் ஹேண்ட்ஸ்ஃப்ரீ கிட் வாங்கும்போது எல்லோரும் ஸ்பீக்கரைத்தான் சோதிக்கிறார்கள். என் அனுபவத்தில் மைக்தான் முக்கியம். எதிர்முனையில் இருப்பவர் பேசுவது நமக்கு நன்றாகவே கேட்கும். அவருக்குத்தான் ஏசி காற்றும் டயர் இரைச்சலும் நம் குரலோடு கலந்து போகும். அதனால் தனி வயரில் வரும் மைக் உள்ள கிட்டையே வாங்குங்கள். ஏசி வென்ட் பக்கம் வேண்டவே வேண்டாம். சன்வைசருக்கு அருகில், வாயைப் பார்த்தபடி பொருத்திய பிறகு என் வீட்டில் யாரும் "என்ன? என்ன?" என்று கேட்பதில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

வைட்பேண்ட் (குரலை இன்னும் தெளிவாக அனுப்பும் முறை) வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரண ப்ளூடூத் அழைப்பில் குரல் நொடிக்கு 8,000 முறை பதிவாகும், வைட்பேண்டில் 16,000 முறை. போனும் நெட்வொர்க்கும் ஒத்துழைத்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

போன் ஒலியை எஃப்எம் அலையாகக் கார் ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வகை மலிவுதான், ஆனால் போகும் வழியில் வேறு நிலையம் குறுக்கிட்டால் கரகரப்பு. கார் ஸ்டீரியோவில் ஆக்ஸ் (வயர் வழியாக ஒலி கொடுக்கும் துளை) இருந்தால் அதுவே மேல். அப்புறம், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் ஏறினால் கிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது கிரவுண்ட் லூப், அதாவது கிட்டும் ஸ்டீரியோவும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆவதால் வரும் மின் இரைச்சல். ஆக்ஸ் வயருக்கு நடுவில் ஒரு ஐசொலேட்டர் (அந்த இரைச்சலைத் தடுக்கும் சிறு கருவி) போட்டுப் பாருங்கள்.

நீங்கள் மைக்கை எங்கே வைத்திருக்கிறீர்கள்?