ஒரு பெயர் தவறியது, ஐந்தும் போயின: ஆர்எச்சிஇ இரண்டாம் முயற்சி

ரெட்ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் சான்றிதழ்த் தேர்வான ஆர்எச்சிஇ-இன் முடிவு நேற்று இரவு மின்னஞ்சலில் வந்தது. தேர்ச்சி. மனைவியை எழுப்பிச் சொன்னேன். "இனிமேலாவது விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்" என்றாள்.

முதல் முயற்சியில் தேர்ச்சி மதிப்பெண்ணான 300-க்கு 210 எட்டாமல் போனதற்குக் காரணம், பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் ஆன்சிபிள் என்ற கருவி தெரியாதது அல்ல. பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) நிறுவும் ஒரே ஒரு டாஸ்க்தான் (ஆன்சிபிளுக்குக் கொடுக்கும் ஒரு வேலை) காலை வாரியது. தேர்வுக் கேள்வியை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம். ஆகவே வீட்டில் நான் அமைத்துக்கொண்ட மாதிரிச் சூழலை வைத்துச் சொல்கிறேன். தவறு அதே ரகம்தான்.

ஒரு டாஸ்க், ஐந்து பேக்கேஜ்: எச்டிடிபிடி, ஃபயர்வால்டி, மரியாடிபி-சர்வர், பிஎச்பி, பிஎச்பி-மைஎஸ்க்யூஎல்என்டி. கடைசிப் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டேன். சிவப்பில் செய்தி வந்தது: குறிப்பிட்ட பேக்கேஜ்களில் சிலவற்றை நிறுவ முடியவில்லை. அந்தச் 'சில'தான் என்னைக் கெடுத்தது. சில ஏறவில்லை என்றால் மீதி ஏறிவிட்டது என்றுதானே யாரும் படிப்பார்கள்? நான் வருடக்கணக்கில் ரெட்ஹேட் 7 சர்வர்களில் குப்பை கொட்டியவன். அங்கே பேக்கேஜ் நிறுவும் யம் என்ற கருவி, இல்லாததை 'இல்லை' என்று சொல்லிவிட்டு மற்றதை நிறுவிவிடும். 2019-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து அந்த வேலை டிஎன்எஃப் என்ற கருவியின் கையில். பட்டியலில் ஒரு பெயர் கிடைக்காவிட்டாலும் அது எதையுமே தொடாது. ஐந்தில் ஒன்றுகூட ஏறவில்லை.

நான் என்ன செய்தேன்? பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் போ என்று சொல்லும் இக்னோர் எரர்ஸ் வரி ஒன்றைச் சேர்த்துவிட்டு நகர்ந்தேன். முடிவு வரியில் ஃபெயில்டு 0, இக்னோர்டு 1. மனம் குளிர்ந்தது. அடுத்த டாஸ்க் எச்டிடிபிடி சர்வீஸைத் தேடிக் காணவில்லை என்றது. சர்வீஸ் டாஸ்க்கைத்தான் நாற்பது நிமிடம் நோண்டிக்கொண்டிருந்தேன். மேலே திரும்பிப் பார்க்கவே இல்லை.

எனவே:

- கேள்வியே கேட்டாலொழிய, பேக்கேஜ் டாஸ்க்கில் இக்னோர் எரர்ஸ் போடாதீர்கள். இதை மூன்று முறை படியுங்கள்.
- பிளாக் (டாஸ்க்குகளின் தொகுப்பு), ரெஸ்க்யூ (அதில் ஒன்று தோற்றால் ஓடும் பகுதி) எழுதிப் பழகுங்கள். ரெஸ்க்யூவின் முதல் வரியிலேயே, தோற்ற டாஸ்க்கின் விவரம் அடங்கிய ஆன்சிபிள்_ஃபெயில்டு_ரிசல்ட்டை டீபக்கில் அச்சிடுங்கள். அதற்குள் 'ஃபெயிலியர்ஸ்' பட்டியலில் குற்றவாளியின் பெயர் இருக்கும்.
- ரெஸ்க்யூ காப்பாற்றிய ஹோஸ்ட் (ஆன்சிபிள் இயக்கும் சர்வர்) தோல்விக் கணக்கில் வராது, ரெஸ்க்யூடு 1 என்றுதான் வரும். பச்சை நிறத்தை நம்பாமல், பேக்கேஜ் ஏறியிருக்கிறதா என்று காட்டும் ஆர்பிஎம் க்யூ கட்டளையில் எல்லாப் பெயரையும் கொடுத்துக் கேளுங்கள்.
- டிஎன்எஃப்பில் ஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பைப் பூஜ்யம் ஆக்கினால் பழைய யம் குணம் திரும்பும். நான் செய்யமாட்டேன். குறை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

லூப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேக்கேஜ்களை லூப்பில், அதாவது ஒவ்வொன்றாக, நிறுவாதே என்று எல்லோரும் திட்டுவார்கள். ஒவ்வொன்றும் தனிப் பரிவர்த்தனை ஆவதால் நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் லூப்பில் ஒன்று விழுந்தாலும் மற்றவை நிறுவப்படும். இறுதியில்தான் டாஸ்க் தோல்வி என்று பதிவாகும். எது ஏறியது, எது ஏறவில்லை என்று வரிவரியாகத் தெரியும். நான் சந்தேகப் பேர்வழி. முதலில் லூப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு, சரியானதும் பட்டியலாக மாற்றிவிடுவேன். என்னோடு படித்த நண்பர் லூப்பைத் தொடவே இல்லை. டிஎன்எஃப் லிஸ்ட்டில் பெயர்களை முன்கூட்டியே சரிபார்த்துக்கொண்டார், என்னைவிட அரை மணி நேரம் முன்பே வெளியே வந்தார். உங்கள் குணம் எதுவோ அதைச் செய்யுங்கள்.

பேக்கேஜ்கள் வந்திறங்கும் கிடங்கான ரெப்போவையும் மறக்காதீர்கள். ஒரு ரெப்போவின் முகவரி தவறாக இருந்தால் அதன் அட்டவணையான ரெப்போஎம்டி கோப்பை இறக்க முடியவில்லை என்று டிஎன்எஃப் மொத்தமாக நின்றுவிடும். நல்ல ரெப்போவில் இருக்கும் பேக்கேஜும் வராது.

வீட்டில் கடைசியாகச் செய்த முழு ஒத்திகையில் எனக்கு நடந்தது அதுதான். நான்கு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் மிச்சம். நான்கு ஹோஸ்ட் பச்சை, ஒன்று மட்டும் சிவப்பு. கை பழக்கத்தில் இக்னோர் வரை போய்விட்டது. எடுத்துவிட்டு, அந்த ஹோஸ்ட்டின் ரெப்போ கோப்பைத் திறந்தேன். அதற்கு முந்தைய நாள் நானே சோதனைக்காகச் சேர்த்து அழிக்க மறந்த ஒரு ரெப்போ அங்கே உட்கார்ந்திருந்தது.