எண்ணிக்கை எடுக்கப் போன கதை

1981இல் நைஜீரியாவின் உமுவாஹியாவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். எண்ணெய்க் காசு புரண்ட காலம். நம் ஊர்களிலிருந்து பலர் ஆசிரியர் வேலைக்கு அங்கே போயிருந்தோம். விடுதிக் கட்டணச் சலுகைக்காக மாணவர்களின் குடும்ப விவரம் திரட்டும் வேலை என் தலையில் விழுந்தது. பையன்கள் நிரப்பித் தந்தவற்றில் பாதி அரைகுறை. ஒரு சனிக்கிழமை படிவக்கட்டுடன் நானே ஊருக்குள் போனேன்.

பிள்ளைகள் "ஓயிபோ, ஓயிபோ" என்று பின்னால் ஓடி வந்தார்கள். வெள்ளைக்காரனைக் குறிக்கும் சொல். என் நிறத்துக்கு இப்படியொரு மரியாதை பிறந்த ஊரில் கிடைத்ததே இல்லை என்று சிரித்துக்கொண்டேன்.

ஒரு மாணவனின் பாட்டி முற்றத்தில் செம்பனைப் பழம் இடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று பையன் மூலமாகக் கேட்டேன். உலக்கை நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த தாளைப் பார்த்தார். ஏதோ ஒரு வாக்கியம் சொன்னார். அதை மொழிபெயர்க்கப் பையன் மறுத்துவிட்டான்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது வரலாற்று ஆசிரியர் சிரித்தார். அவர் இக்போக்காரர், அந்த வட்டாரத்து மக்களினத்தைச் சேர்ந்தவர்.

"'உன் தாயை எண்ணினார்களா?' என்று கேட்டிருப்பார்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். ஆண்களைக் கணக்கெடுத்த வெள்ளைக்கார அதிகாரிகள் அது வரிக்காக அல்ல என்றார்கள். 1928இல் வரி வந்தது. மறு ஆண்டு நவம்பரில், எங்கள் பள்ளிக்கு அதிகத் தொலைவில்லாத ஓலோகோவில், பெண்களையும் ஆடுகளையும் எண்ண ஒருவர் வந்தார். பனையெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த ந்வான்யெருவா என்ற பெண் இதே கேள்வியைத்தான் அவரிடம் திருப்பிக் கேட்டார். ஊர் ஊராகப் பனையோலை தூது போனது. ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஓலை கொண்டுபோனவர்களில் தம் தாயும் ஒருவர் என்றார்.

எண்ண வந்தவரும் வெள்ளைக்காரர் அல்ல, உள்ளூர்க்காரர். அவரை அனுப்பியவர் 'வாரண்ட் தலைவர்'. பெரும்பாலான இக்போ ஊர்களில் அரசன் கிடையாது, ஊர்க்கூட்டம்தான். யாருடன் பேசுவது என்று பிரிட்டிஷாருக்குப் புரியவில்லை; ஆகவே ஒருவரைப் பிடித்து, தாளில் எழுதிக் கொடுத்துத் தலைவராக்கினார்கள். அதற்கும் முன்பே, 1880களில், நைஜர் நதியோரம் வணிகம் செய்த பிரிட்டிஷ் கம்பெனிக்காரர்கள் அச்சடித்த ஒப்பந்தங்களோடு வந்திருந்தார்கள். நிலம் முழுவதும் என்றென்றைக்கும் கம்பெனிக்கே என்ற வாசகம் தயாராக இருக்கும். ஊர்ப் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். எதிரே இருப்பவர் எழுத்தறியாதவர். பெருக்கல் குறி போட்டால் போதும். நன்றாக விளக்கிச் சொன்னேன் என்று மொழிபெயர்ப்பாளர் சான்று எழுதுவார். துப்பாக்கியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த வெற்றிடம்தான் உறுத்தியது. என் படிவத்திலும் ஊர்ப் பெயருக்கு அப்படித்தான் இடம் விட்டிருந்தது.

அடுத்த வாரம் வரலாற்று ஆசிரியர் என்னை வெறுங்கையோடு அதே வீட்டுக்கு அழைத்துப் போனார். அந்த வீட்டுப் பெரியவர், விருந்தாளிக்கு முதலில் பகிர்ந்து தரும் கோலாக்கொட்டையைக் கையில் ஏந்தி நெடுநேரம் வேண்டினார். நான் பொருள் கேட்டதற்கு, "பொறுங்கள், கோலாவுக்கு இங்கிலீஷ் புரியாது" என்று நண்பர் காதோடு சொன்னார். அது அங்கே வழங்கும் சொலவடையாம். வாழ்க்கையில் ஒரு கூட்டத்தில் எதுவுமே விளங்காமல் அத்தனை நேரம் உட்கார்ந்தது அன்றுதான். துண்டு கைக்கு வந்தது. நல்ல கசப்பு.

பாட்டி என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். என் தாய் உயிரோடு இருக்கிறாரா என்று.

"இருக்கிறார்" என்றேன்.

சலுகை பையனுக்குக் கிடைத்தாக வேண்டுமே. வீட்டில் எட்டுப் பேர் என்று நானாகவே எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை.