பர்கண்டி திராட்சைத் தோட்டத்தில் புதைத்த ஜட்டி

பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் உள்ள போன் (Beaune) நகரில் சைக்கிளை வாடகைக்கு எடுத்தால், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பொமார், வொல்னே, மெர்சோ என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கலாம். இங்கே நிலத்தை 1,247 துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியே பெயர் வைத்திருக்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்துவிட்டது. கற்சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சுவை, அந்தப் பக்கம் வேறு சுவை என்பார்கள். கேட்டால் சுண்ணாம்புப் பாறை, சரிவு, வெயில் என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அந்த மண்ணுக்குள் வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

இயற்கை முறையில் பினோ நுவார் என்ற சிவப்பு மதுத் திராட்சையை வளர்க்கும் ஒரு பெண் விவசாயி சுற்றிக் காட்டச் சம்மதித்தார். பேச்சுக்கு முன்னால் மண்வெட்டியை எடுத்துவிட்டார். டிராக்டர் சக்கரம் ஏறும் தடத்தில் முதல் வெட்டு. மண் தட்டுத் தட்டாகப் பெயர்ந்தது. புல்லும் க்ளோவர் என்ற தீவனச் செடியும் மண்டிய வரிசையில் அடுத்த வெட்டு. பொலபொலவென்று உதிர்ந்தது. புல் வேர்களுக்குச் சட்டை போட்டதுபோல் மண் ஒட்டியிருந்தது, உதறினாலும் விழவில்லை. வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்னும் பாக்டீரியாக்களின் பிசினுக்கும் அதில் பங்கு உண்டாம்.

அப்புறம்தான் ஜட்டி. வெள்ளைப் பருத்தி ஜட்டியை மண்ணில் புதைத்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்டுவது இங்கே மண் பரிசோதனை. உயிருள்ள மண் பருத்தியைத் தின்றுவிடும். இவர் தோட்டத்தில் இடுப்பு எலாஸ்டிக் மட்டும் மிஞ்சியது. முன்பு பல வருடம் வேறு ஆட்கள் களைக்கொல்லி அடித்த, அண்மையில் இவர் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் புதைத்ததோ, துவைத்தால் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் அதிகம் பேசியது வேர் உட்பூசணத்தைப் பற்றி. இந்தப் பூஞ்சை வேருக்குள் குடியேறி, வெளியே நூல்போல் பரவி, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவந்து தரும். கூலி, சர்க்கரை. மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் கொடி இந்தக் கூட்டாளியைக் கழற்றிவிடும். அடிக்கடி உழுதால் நூல்கள் அறுந்துபோகும். பாட்டிலில் விற்கும் நுண்ணுயிரை வாங்குவதில்லையா என்று கேட்டேன். புது நாற்று நடும்போதும், கவாத்துக் காயத்தில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தடவும்போதும் மட்டும்தானாம். "மிச்சமெல்லாம் ஏற்கெனவே இங்கேயே இருக்கு. நாம கொல்லாம இருந்தா போதும்" என்றார்.

ஆனால் இலைகளில் நீலத் திட்டுகள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. இலையையும் குலையையும் தாக்கும் அடிச்சாம்பல் நோய்க்கு இயற்கை விவசாயிக்கும் பெரும்பாலும் இதுதான் கதி. மயில்துத்தத்தில் உள்ள செம்பு மண்ணிலேயே தங்கி, சேரச் சேர மண்புழுவையும் நுண்ணுயிரையும் பாதிக்கும். ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ செம்பு என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. 'இயற்கை' முத்திரையைப் பார்த்து உருகுகிறவர்கள் இந்த நீலத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சரி, பழத்துக்கு என்ன லாபம்? தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் இலை மண்டிக் குலையை மூடும், அழுகல் வரும். வரிசையில் புல் இருந்தால் அது நீரையும் சத்தையும் பங்கு கேட்கும், பழம் சிறுத்துத் தோலின் பங்கு கூடும். சிவப்பு மதுவின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதானே வருகின்றன. வறண்ட வருடத்தில் அதே புல் எமன். சாற்றில் தழைச்சத்து குறைந்து, நொதித்தல் பாதியில் நின்றுவிடலாம். அதனால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில்தான் புல்லை விடுகிறார்.

பழத்தோலின் நுண்ணுயிர்க் கூட்டம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதைக் கலிபோர்னியாவில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஆனாலும் நொதித்தலை முடித்துவைக்கும் ஈஸ்ட், உடையாத பழத்தில் அரிது. பெரும்பாலும் மதுக்கிடங்கில்தான் அதற்கு வாழ்வு. எனவே சுவை முழுவதையும் மண் நுண்ணுயிரின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை.

போவதானால் ஜூனில் போங்கள். செப்டம்பரில் அறுவடை, மண்வெட்டி எடுத்துக் காட்ட யாருக்கும் நேரமிருக்காது.