பொது அறிவியல் பட்டம்: பெயரை விடுங்கள், பாடங்களைப் பாருங்கள்

அறிவியல் படிக்க ஆசை இருக்கிறது, ஆனால் உயிரியலா, வேதியியலா, கம்ப்யூட்டரா என்று இன்னும் முடிவாகவில்லை என்பவர்களுக்குக் கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரிகளில் (முதல் இரண்டாண்டை இங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறிப் போகலாம்) ஒரு நல்ல வழி இருக்கிறது. சில கல்லூரிகளில் அதற்கு ஜெனரல் ஸ்டடீஸ் என்று பெயர். சிலவற்றில் அறிவியல், கணிதப் பிரிவுடன் கூடிய லிபரல் ஆர்ட்ஸ் என்பார்கள். எந்தப் பெயரானாலும் இரண்டாண்டு அசோசியேட் பட்டம். பிளஸ் 2-வில் வணிகவியல் எடுத்து, கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தி, திருமணமாகி எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் விசா) வந்த நான் குப்பர்டினோவில் இருக்கும் டி ஆன்ஸா கல்லூரியில் இந்த வழியாகத்தான் நுழைந்தேன். இப்போது யுசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் உயிரியல் படிக்கிறேன்.

"பொதுப் படிப்புக்கு மதிப்பு ஏது?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். பட்டத்தின் பெயருக்குப் பெரிய மதிப்பு இல்லை என்பது உண்மைதான். அதற்குள் நீங்கள் எந்தப் பாடங்களை அடுக்குகிறீர்கள் என்பதற்குத்தான் மதிப்பு.

மாநில விதிப்படி அசோசியேட் பட்டத்துக்கு 60 செமஸ்டர் யூனிட் வேண்டும் (யூனிட் என்பது பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு). செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களில் பாடம் நடத்தும் டி ஆன்ஸா போன்ற குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில் அது 90 யூனிட். இதில் குறைந்தது 27 குவார்ட்டர் யூனிட் உங்கள் சிறப்புப் பிரிவில் இருக்க வேண்டும். இந்த 27-இல்தான் எல்லாமே இருக்கிறது. அறிவியல் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கென்றே நடத்தப்படும் அறிமுக வானியல், சத்துணவியல், புவியியல் பாடங்களை எடுத்து அதை நிரப்பிவிட முடியும். பட்டமும் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பாடங்களை மட்டும் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் அறிவியல் துறைக்குள் மூன்றாம் ஆண்டில் சேருவது கடினம். அங்கே எதிர்பார்ப்பது பொது வேதியியல், கால்குலஸ், இயற்பியல், உயிரியல் என ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் பாடத் தொடர்கள். ஆகவே துறை முடிவாகாத நிலையிலும் பல துறைகளுக்குப் பொதுவான இரண்டு தொடர்களை உடனே தொடங்கிவிடுங்கள். வேதியியலும் கணிதமும் அப்படிப்பட்டவை.

ஏன் உடனே என்கிறேன்? வேதியியலை மட்டும் எண்ணிப் பாருங்கள். பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டவர் முதலில் கெம் 25 என்ற ஆயத்தப் பாடம் எடுக்க வேண்டும். பிறகு பொது வேதியியல் 1ஏ, 1பி, 1சி. அதன்பின் கரிம வேதியியல் 12ஏ, 12பி, 12சி. மொத்தம் ஏழு குவார்ட்டர். ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. ஆண்டுக்கு ஃபால், வின்டர், ஸ்பிரிங் என மூன்று குவார்ட்டர்தான். கோடையில் எல்லாப் பாடமும் நடக்காது. முதல் குவார்ட்டரிலேயே தொடங்கினாலும் இரண்டு ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறது. வரலாறு, அரசியல், கலை போன்ற பொதுப் பாடங்களை முதலில் முடித்துவிட்டு அறிவியலைத் தொடலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அறிவியல் பக்கம் போகிறவர்களுக்கு அது சரிப்படாது. பொதுப் பாடங்களைப் பக்கத்தில் ஒன்றிரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஃபால் முதல் சேருகிறவர்களுக்கு யுசி, கலிஃபோர்னியா ஸ்டேட் (மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழக அமைப்பு) இரண்டுக்கும் கால்-கெட்சி என்ற ஒரே பொதுப் பாடத் திட்டம் வந்துவிட்டதால் அதில் குழப்பமும் குறைந்துவிட்டது.

கணிதத்தில் ஓர் எச்சரிக்கை. 2017-இல் வந்த ஏபி 705 சட்டத்துக்குப் பிறகு, நுழைவுத் தேர்வு வைத்து உங்களை அடிப்படைக் கணிதத்துக்கு அனுப்பும் வழக்கம் போய்விட்டது. பள்ளி மதிப்பெண்ணையும் உங்கள் சுயமதிப்பீட்டையும் வைத்தே இடம் தருகிறார்கள். இந்தச் சுதந்திரம் நல்லதுதான். ஆனால் அல்ஜீப்ராவை மறந்துபோனவர் சேருவதற்கு முந்தைய கோடையிலேயே வீட்டில் உட்கார்ந்து அதைத் தேய்த்துவிட வேண்டும். பன்னிரண்டு வாரக் குவார்ட்டரில் பழையதைப் படிக்க நேரமே கிடைக்காது.

அடுத்து அசிஸ்ட் என்ற அரசு இணையதளம். உங்கள் கல்லூரி, போக நினைக்கும் பல்கலைக்கழகம், துறை மூன்றையும் கொடுத்தால் ஓர் ஒப்பந்தப் பக்கம் திறக்கும். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம். வலப்பக்கம் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம். சில இடங்களில் வலப்பக்கம் ஈடு எதுவும் இல்லை என்றிருக்கும். அப்படியானால் அந்தப் பாடத்தைப் பக்கத்துக் கல்லூரியில் எடுக்க முடியுமா என்று பாருங்கள். மூன்று பாடங்கள் ஒரே கட்டாகச் சேர்க்கப்பட்டிருந்தால் மூன்றையும் ஒரே கல்லூரியில் முடிப்பதே பாதுகாப்பு. நான் மூன்று பல்கலைக்கழகங்களின் பக்கங்களை அச்செடுத்துச் சமையலறை மேசையில் பரப்பி, மூன்றிலும் வருகிற பாடங்களை மட்டும் மஞ்சளில் கோடிட்டேன். முதலாண்டுக்கு அந்த மஞ்சள் கோடுகளே போதுமானதாக இருந்தன.

ஆய்வகப் பாடங்களில் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். புதிய மாணவருக்குப் பதிவு நாளும் பிந்தித்தான் வரும். காத்திருப்புப் பட்டியலில் இருந்தால் முதல் வகுப்புக்குத் தவறாமல் போங்கள். பட்டியலில் இருப்பவர்கள் சுவரோரம் வரிசையாக நிற்க, ஆசிரியர் வருகைப் பதிவை வாசிப்பார். வராதவர்களின் பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்துக்கான சேர்க்கை எண்ணை நிற்பவர்களுக்கு வரிசைப்படி கொடுப்பார். எனக்குக் கெம் 1ஏ அப்படித்தான் கிடைத்தது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: குறைந்த மதிப்பெண் வாங்கினாலும், நடுவில் விலகி மதிப்பெண் பட்டியலில் டபிள்யூ என்ற விலகல் குறி பெற்றாலும், ஒரு பாடத்துக்குப் பொதுவாக மூன்று வாய்ப்புகள்தான். விலகுவதென்றால் டபிள்யூ விழாத கெடுவுக்குள் விலகுங்கள்.

கட்டணம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கலிஃபோர்னியாவாசிகளுக்கு டி ஆன்ஸாவில் யூனிட்டுக்கு 31 டாலர். செமஸ்டர் கல்லூரிகளில் 46 டாலர். எச்-4-இல் இருப்பவர்களும் ஓராண்டும் ஒரு நாளும் இங்கே வசித்து, ஓட்டுநர் உரிமம், மாநில வரித் தாக்கல் போன்ற ஆவணங்களைக் காட்டினால் இந்தக் கட்டணம் பெறலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு அது பொருந்தாது. அவர்கள் பொதுவாக ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 12 யூனிட் எடுத்தாகவும் வேண்டும். எச்-4-க்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் சிறு குழந்தை இருப்பவர்கள் ஒரே ஒரு பாடத்தோடுகூடத் தொடங்கலாம்.

டேவிஸ், அர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யுசி வளாகங்கள் டேக் என்ற உறுதிச் சேர்க்கை தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தருவதில்லை. ஏதாவது ஒரு வளாகத்துக்கு மட்டுமே டேக் விண்ணப்பம் போடலாம். செப்டம்பர் மாதம் முழுவதும் திறந்திருக்கும். அதற்குள் 45 குவார்ட்டர் யூனிட் முடித்திருக்க வேண்டும். சில துறைகளுக்கு டேக் கிடையாது, ஆகவே துறையையும் சேர்த்துப் பாருங்கள். பிள்ளைகளை விட்டு வீடு மாறாமல் போய்வர வேண்டும் என்பதால் நான் சான்டா குரூஸைத் தேர்ந்தேன். கலிஃபோர்னியா ஸ்டேட் பக்கம் போவதாக இருந்தால், ஏடிடி எனப்படும் தனி டிரான்ஸ்ஃபர் பட்டத்துக்குத்தான் அந்த அமைப்பில் இட உறுதி உண்டு. பொதுப் பட்டத்துக்கு அது இல்லை. துறை முடிவானதும் ஏடிடிக்கு மாறுவது நல்லது.

ஊரில் ஏற்கெனவே இளநிலைப் பட்டம் முடித்தவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. இரண்டாவது இளநிலைப் பட்டத்துக்கு யுசி வளாகங்கள் பெரிதாக இடம் தருவதில்லை. அவர்கள் முதுநிலைப் படிப்புக்குத் தேவையான அடிப்படைப் பாடங்களை மட்டும் கம்யூனிட்டி கல்லூரியில் எடுத்துக்கொண்டு நேராக முதுநிலைக்கே விண்ணப்பிப்பது காலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

கல்வி ஆலோசகரைப் பார்க்கும் நேரத்தை ஜூலையிலேயே பதிவு செய்யுங்கள். செப்டம்பரில் வரிசை நீண்டுவிடும். போகும்போது வெறும் கையோடு போகாமல், அசிஸ்ட் அச்சுப்பிரதியையும் குவார்ட்டர் வாரியாக நீங்களே எழுதிய திட்டத்தையும் கொண்டுபோய், "இதில் எந்தப் பாடம் எந்தக் குவார்ட்டரில் நடக்காது?" என்று கேளுங்கள்.