ஏற்காடு ஏரியில் படகு கரை அணையும் இடம்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைபவர்கள் பெரும்பாலும் முதலில் தேடிச் செல்வது ஏரியையும் படகு இல்லத்தையும்தான். சவாரி முடிந்த பிறகும் துறையை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை; திரும்பி வரும் படகுகள் கரை அணைவதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

துறையின் விளிம்பில் பழைய டயர்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மிதிபடகுகளின் உடல் கண்ணாடியிழையால் ஆனது. அதன் வெளிப்பூச்சான ஜெல்கோட் பொதுவாக ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருப்பதில்லை. சிமென்ட் விளிம்பில் பலமாக உரசினால் அது பிளந்துவிடும். அந்தப் பிளவின் வழியே இறங்கும் நீர் இழை அடுக்குகளில் ஊறி, நாளடைவில் அவற்றின் பிடிப்பைத் தளர்த்திவிடும். மேலுக்கு வண்ணம் அடித்து மறைப்பதால் பயனில்லை. உள்ளே ஊறிய ஈரம் முழுவதும் காய்ந்த பிறகே பிசின் பூச வேண்டும்.

டயர் இருந்தால் மட்டும் போதாது, அது தொங்கும் உயரமே முக்கியம். ஏரியில் கடலைப் போல ஓதம் (நீர் ஏறி இறங்குவது) இல்லாவிட்டாலும், கோடையில் நீர்மட்டம் இறங்குகிறது, வடகிழக்குப் பருவமழையில் ஏறுகிறது. “தண்ணி இறங்க இறங்கக் கயித்தையும் இறக்கணுங்க, இல்லாட்டி படகு டயருக்கு அடியில பூந்து செவுத்துல இடிச்சிரும்” என்றார் படகோட்டி ஒருவர். டயர்களின் அடிப்பக்கத்தில் துளையிட்டிருந்ததையும் அவர் காட்டினார். இல்லாவிட்டால் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். டயர் கருப்புத் தடம் பதிக்கும் என்பதால், சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் காற்றடைத்த வினைல் மிதவைகளைப் படகின் பக்கவாட்டிலேயே கட்டிக்கொள்வது வழக்கம்.

இத்தனை ஏற்பாடும் வேகத்தின் முன் தோற்றுவிடும். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகத்தைப் பாதியாக்கினால் அடி கால்பங்காகிவிடும். ஆனால் நம்மவர்கள் கரை தெரிந்ததும் இன்னும் உற்சாகமாக மிதிக்கிறார்கள். சில படகு நீளத் தொலைவிலேயே மிதிப்பதை நிறுத்தி, தேவைப்பட்டால் பின்னோக்கி மிதிக்க வேண்டும். காற்றுக்கு எதிராகத் திரும்பி வந்தால் காற்றே வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும். கை நீட்டித் துறையைத் தடுப்பது மட்டும் கூடவே கூடாது. நால்வர் அமர்ந்த படகு சில நூறு கிலோ எடை கொண்டது; அதற்கும் சுவருக்கும் நடுவே அகப்பட்ட விரல் நசுங்கிவிடும். அந்த அடியைத் தாங்கத்தான் டயர் இருக்கிறது. படகின் முன்பக்கமான அணியம், பின்பக்கமான அமரம் இரண்டிலும் கயிறு விழும்வரை பிள்ளைகளை இருக்கையிலேயே உட்கார வையுங்கள்.